ஆழ்கடல் படகுக்கு எந்த அபாயக் கருவி? இபிர்ப், பிஎல்பி, டாட்: தேடுபவர் கணக்கில் ஒரு மதிப்பீடு

குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கமிருந்து பத்துப் பதினைந்து பேரோடு வாரக்கணக்கில் தங்கல் (கடலிலேயே தங்கித் தொழில் செய்வது) போகும் தூண்டில் படகுக்கு ஒரே ஒரு அபாயக் கருவிதான் வாங்க முடியும் என்றால், தானாகக் கழன்று மிதக்கும் கூட்டோடு வரும், ஏஐஎஸ் (பக்கத்துப் படகுகளின் திரையில் இடத்தைக் காட்டும் ரேடியோ) வசதியுள்ள 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் (EPIRB, படகின் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் கருவி) வாங்குங்கள். இஸ்ரோவின் டாட் (DAT, மீனவர்களுக்கான அபாயச் செய்திக் கருவி) கிடைக்கிறது என்றால் அதையும் வையுங்கள், ஆனால் இபிர்புக்குப் பதிலாக அல்ல. ஆளுக்கொரு பிஎல்பி (PLB, உடலில் மாட்டிக்கொள்ளும் சின்ன அபாயக் கருவி) மூன்றாவது இடம்தான். ஏன் இந்த வரிசை என்பது கருவியின் விலைப்பட்டியலில் தெரியாது. கரையில் வரைபடத்தை விரித்து உங்களைத் தேடத் திட்டமிடுபவரின் கணக்கில்தான் தெரியும்.

இந்தியக் கடலில் தேடல், மீட்புக்குப் பொறுப்பு கடலோரக் காவல்படை. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய மூன்று இடங்களில் அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இருக்கின்றன. இந்தியா பொறுப்பேற்றிருக்கும் தேடல் பரப்பு ஏறக்குறைய 46 லட்சம் சதுர கிலோமீட்டர். படகைக் காணவில்லை என்று தகவல் வந்ததும் மையம் முதலில் கேட்பது மூன்று: கடைசியாக எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு, அதன்பின் காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுத்திருக்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். முந்தைய நாள் மாலை 6 மணிக்குப் பக்கத்துப் படகோடு வயர்லெஸ்ஸில் பேசியதுதான் கடைசி. "கரையிலிருந்து மேற்கே 60 கடல் மைல் இருக்கும்" என்கிறார்கள். இந்தக் குத்துமதிப்பில் 10 மைல் முன்னே பின்னே இருக்கலாம். தேடல் தொடங்கும்போது 18 மணி நேரம் போய்விட்டது. மணிக்கு ஒன்றரை மைல் இழுப்பு என்றால் 27 மைல் நகர்ந்திருப்பார்கள். இழுப்பைக் கணிப்பதில் பத்துக்கு மூன்று பங்கு பிழை வைப்பது வழக்கம், அது 8 மைல். இரண்டு பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் சுமார் 13 மைல். முதல் தேடலுக்கு அதை 1.1 ஆல் பெருக்க வேண்டும்: 14 மைல் ஆரம். அந்த வட்டத்தைச் சுற்றி வரைந்த சதுரம் ஏறக்குறைய 800 சதுர கடல் மைல்.

இனி அந்தச் சதுரத்தை எதைக் கொண்டு கோடு கோடாக அலசுவது என்ற கேள்வி. தண்ணீரில் தலை மட்டும் தெரிய மிதக்கும் ஒரு ஆளை, 500 அடி உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து கண்டுபிடிக்கக்கூடிய பயனுள்ள அகலம் (கண்டுபிடிப்பு அகலம்) நல்ல வெளிச்சத்திலும் 0.1 கடல் மைல்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அது நாலு மடங்காகும். சின்ன உயிர்காப்பு ராஃப்ட் என்றால் இரண்டு மைல் வரை கிடைக்கலாம். விமானம் மணிக்கு 120 மைல் பறந்தால், ராஃப்டைத் தேடி முடிக்க மூன்று மணி இருபது நிமிடம், ஜாக்கெட் போட்டவரைத் தேட 17 மணி நேரம், ஜாக்கெட் இல்லாதவரைத் தேட 67 மணி நேரம். பகல் பன்னிரண்டு மணி நேரம்தான். அந்த 67 மணி முடிவதற்குள் இழுப்பு இன்னும் சேர்ந்து, சதுரமே வேறொன்றாகியிருக்கும். கோட்டுக்குக் கோடு இடைவெளியும் கண்டுபிடிப்பு அகலமும் சமமாக இருந்தாலும், நல்ல சூழலில் ஒரு தடவை அலசியதில் கண்ணில் படும் வாய்ப்பு சுமார் 78 சதவீதம். அலை வெள்ளை உடையத் தொடங்கினால் அதுவும் குறையும்.

இப்போது அதே படகில் ஜிபிஎஸ் உள்ள இபிர்ப் இயங்கியது என்று வையுங்கள். இடப்பிழை 0.1 மைலுக்குள். இரண்டு மணி நேரத்தில் ஒரு கப்பல் வந்து சேர்கிறது என்றால், இழுப்பு 3 மைல், அதன் பிழை 0.9. சதுரம் நாலு சதுர மைல். இருநூறில் ஒரு பங்கு. கருவி நின்றுவிடாமல் தொடர்ந்து இடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் இந்த இழுப்புக் கணக்கும் தேவையில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தென்முனையைக் கடந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரிப் படகுகளைத் தேடியவர்களிடம் பெரும்பாலும் இல்லாமல் போனது இந்த ஒரு புள்ளிதான். கடலோரக் காவல்படையும் கடற்படையும் ஒரு பக்கம், ஊரிலிருந்து தாங்களே படகெடுத்துப் போனவர்கள் இன்னொரு பக்கம், எல்லோரும் அலசியது பெரிய பெரிய சதுரங்களை.

கருவிகளுக்கு வருவோம்.

இபிர்ப் இயங்கியதும் ஏறக்குறைய 50 வினாடிக்கு ஒரு தடவை, அரை வினாடி நீளத்தில், 5 வாட் வலுவில் 406 மெகாஹெர்ட்ஸில் ஒரு செய்தியை அனுப்பும். அதில் கருவியின் அடையாள எண்ணும் ஜிபிஎஸ் இடமும் இருக்கும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுத் தேடல், மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்துத் தரைநிலையத்துக்கு இறக்கும். இந்தியாவுக்கு அந்த வேலையைச் செய்வது பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் இந்தியக் கட்டுப்பாட்டு மையம். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு தொடர் சைகையும் போகும். பக்கத்தில் வந்த விமானமோ கப்பலோ கடைசி மைலில் அதைப் பிடித்துக்கொண்டு வருவதற்காக. 121.5-ஐச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். பழைய 121.5 கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், கரையில் யாருக்கும் அது கேட்காது.

ஏசிஆர் குளோபல்ஃபிக்ஸ் வி4 இந்த வகையில் நம்பி வாங்கக்கூடியது. பேட்டரி ஆயுள் 10 ஆண்டு, இயங்கத் தொடங்கினால் குறைந்தது 48 மணி நேரம். அதற்கு அடுத்த வி5-ல் ஏஐஎஸ்ஸும், செய்தி சேர்ந்ததும் திரும்பத் தகவல் காட்டும் ஆர்எல்எஸ் வசதியும், போனைத் தொட்டுக் கருவியின் நிலையைப் படிக்கும் என்எஃப்சியும் உண்டு. காசு கூடினாலும் ஏஐஎஸ் உள்ளதைத்தான் எடுக்கச் சொல்வோம். செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூர், அங்கிருந்து மும்பை, அங்கிருந்து கப்பல் என்று செய்தி சுற்றி வரும் நேரத்தில், ஐந்து மைலுக்குள் தூண்டில் விட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துப் படகின் பிளாட்டர் (மின்னணுக் கடல் வரைபடம்) திரையில் உங்கள் அடையாளம் நேரடியாக எழும்பும். நடுக்கடலில் முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் அவர்தான். பெரிய கப்பல்களுக்கு 2022 ஜூலை 1-க்குப் பிறகு பொருத்தும் இபிர்பில் ஏஐஎஸ் கட்டாயம் ஆக்கப்பட்டதும் இந்தக் காரணத்துக்காகவே. ஆர்எல்எஸ் விளக்கைப் பொறுத்தவரை இரண்டு விஷயம். அந்த விளக்கு, செய்தி போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே சொல்கிறது, ஆள் கிளம்பிவிட்டார் என்று சொல்லவில்லை. இந்தியக் குறியீட்டோடு அந்த வசதி இயங்குமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவியைவிட முக்கியம் அது உட்கார்ந்திருக்கும் கூடு. தானாகக் கழலும் கூட்டுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு வட்ட உறுப்பு இருக்கும், அதை எச்ஆர்யூ என்பார்கள். படகு மூழ்கி ஒன்றரை மீட்டரிலிருந்து நாலு மீட்டர் ஆழம் போனதும் தண்ணீரின் அழுத்தம் உள்ளிருக்கும் சவ்வை அமுக்கும், சுருள்வில் விடுபட்டு ஒரு கத்தியைத் தள்ளும், அந்தக் கத்தி கூட்டைப் பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் போல்ட்டை வெட்டும். மூடி கழன்று இபிர்ப் மேலே வந்து, தண்ணீர் பட்டதால் தானே இயங்கும். இந்த எச்ஆர்யூவின் ஆயுள், பொருத்திய நாளிலிருந்து இரண்டே ஆண்டு. அதன் மேலேயே மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், பொருத்தும்போது காலாவதி மாதத்தைக் குத்தி அடையாளம் வைக்க வேண்டும். பத்து ஆண்டுக் கருவிக்குள் ஐந்து எச்ஆர்யூ செலவு ஒளிந்திருக்கிறது, விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

கூடு கெடுவது பெரும்பாலும் மனிதக் கையால்தான். தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எச்ஆர்யூ மேலும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். தண்ணீர் நுழையும் துளை அடைந்தால் கத்தி நகராது. மூடி காற்றில் ஆடுகிறது என்று நைலான் கயிறு சுற்றிக் கட்டுகிறார்கள், அதோடு கதை முடிந்தது. இன்னொன்று, இபிர்பில் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய கயிறு. அது ராஃப்டோடோ, தண்ணீரில் இருக்கும் ஆளோடோ கட்டுவதற்கு. காணாமல் போகக் கூடாது என்று படகின் கம்பியில் அதைக் கட்டினால், படகு போகிற ஆழத்துக்குக் கருவியும் போகும்.

வைக்கும் இடம் வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கூரையின் மேல், திறந்த வானத்துக்குக் கீழே. தார்ப்பாய்க்கு அடியிலோ, கொடிக்கம்பக் கயிறுகளுக்கு நடுவிலோ, வீல்ஹவுஸ் உள்ளே சுவரிலோ அல்ல. உள்ளே வைத்தால் கழன்று மேலே வரும் கருவி கூரையின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தக் கருவியின் பெரிய குறையை விற்பவர்கள் சொல்வதில்லை. மரப்படகும் ஃபைபர் படகும் கவிழ்ந்தால் பல நேரம் முழுதாக மூழ்காது. தலைகீழாக, அடிப்பாகம் மேலே தெரிய மிதக்கும். அப்போது கூரையில் இருக்கும் எச்ஆர்யூ ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கும் குறைவாக இருந்தால் வெட்டாமலே கிடக்கலாம். வெட்டினாலும் கருவி மேலே வந்து கவிழ்ந்த டெக்கின் அடியில், வலையிலும் தூண்டில் கயிற்றிலும் சிக்கிக்கொள்ளலாம். கூடு தானாகக் கழலும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. படகு சாயத் தொடங்கும்போதே ஒருவர் கையால் கழற்றி எடுக்க வேண்டும், அந்த ஆள் யார் என்று கரையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்திருக்க வேண்டும். மூடியின் ஊசியை இழுப்பது, கருவியைத் தூக்குவது, முத்திரையை உடைத்துச் சுவிட்சை நகர்த்துவது: இருட்டில், ஈரக் கையோடு, மூன்றும் அரை நிமிடத்தில் முடிய வேண்டும். கடைசி வேலையை நிஜமாகச் செய்யாமல் மற்ற இரண்டையும் பழகிக்கொள்ளலாம்.

பிஎல்பியில் ஓஷன் சிக்னலின் ரெஸ்க்யூமீ பிஎல்பி1 மிகச் சிறியது. எடை 116 கிராம், பேட்டரி ஆயுள் 7 ஆண்டு, இயங்கும் நேரம் 24 மணி. லைஃப் ஜாக்கெட்டின் பட்டையிலேயே மாட்டிவிடலாம். உள்ளே சுருண்டிருக்கும் பட்டை ஆண்டெனாவை முழு நீளத்துக்கு வெளியே இழுத்து, வில்லில் இயங்கும் சின்ன மூடியைத் தூக்கி, அதன் கீழுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். மூடி தவறிப் படும் அழுத்தத்தைத் தடுக்கும், நல்ல ஏற்பாடு. ஆனால் விறைத்த விரலுக்கும் தடித்த கையுறைக்கும் அது சிறியது.

பிஎல்பி வாங்குபவர் புரிந்துகொள்ள வேண்டியது, இபிர்பைப் போல அது தானே நிமிர்ந்து மிதந்து வேலை செய்யாது. பிஎல்பி1-ஐ மிதக்க வைப்பது கூட வரும் பைதான். ஆண்டெனா தண்ணீருக்கு மேலே, வானத்தைப் பார்த்து நிற்கும்படி கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலைக்கு அடியில் போன ஒவ்வொரு நொடியும் செய்தி போகாத நொடி. தோளுக்குப் பக்கத்தில், காதின் உயரத்தில் ஜாக்கெட்டோடு கட்டிவிட்டால் கை ஓயும்போதும் நிற்கும். இரவில் தூண்டில் இறக்கும்போது டெக்கிலிருந்து ஒருவர் விழுவதுதான் உங்கள் பெரிய கவலை என்றால், ஏஐஎஸ்ஸும் உள்ள பிஎல்பி3 நல்லது, ஏனென்றால் அவரை எடுக்க வேண்டியது உங்கள் படகேதான். அதற்கு உங்கள் படகில் ஏஐஎஸ் சைகையைப் பெறும் கருவி இருக்க வேண்டும், அது இல்லாமல் பிஎல்பி3-க்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

டாட் இஸ்ரோ நம் மீனவர்களுக்காகவே செய்தது. 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது, 20,000-க்கும் மேற்பட்டவை கொடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் தலைமுறையின் குறை எல்லோருக்கும் தெரியும்: பொத்தானை அழுத்தியபின் யாருக்காவது கேட்டதா என்று தெரியாமல் கடலில் காத்திருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை டாட்டில் அந்தக் குறை நீங்கியிருக்கிறது. செய்தி சேர்ந்ததும் இந்தியாவின் சொந்த வழிகாட்டு அமைப்பான நாவிக் செயற்கைக்கோள் வழியாகப் பதில் வரும். புயல், சுனாமி எச்சரிக்கையும் அதே வழியில் வரும். புளூடூத்தில் போனோடு இணைத்தால் சொந்த மொழியில் படிக்கலாம். கரையில் மையத்தினர் சாகர்மித்ரா என்ற வலையமைப்பில் படகின் விவரங்களைப் பார்க்கிறார்கள்.

எங்கள் பார்வையில் டாட்டின் உண்மையான மதிப்பு எச்சரிக்கை கேட்பதில் இருக்கிறது. ஆபத்தில் மாட்டியபின் தேடப்படுவதைவிட, புயலுக்கு முன்னே விலகிவிடுவது எவ்வளவோ மேல். ஒக்கியின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது அந்தச் செய்திதானே. அதனால் டாட்டை வீல்ஹவுஸில், ஓட்டியின் காதுக்கும் கண்ணுக்கும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும், சார்ஜ் தீர விடக் கூடாது. படகு சட்டென்று கவிழும் நேரத்துக்குக் கூரையில் இபிர்ப். இரண்டின் வேலையும் இடமும் வேறு.

ஐரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொடுத்தனுப்பும் சொந்தக்காரர்கள் உண்டு. கருவி நல்ல கருவிதான். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துரயா, ஐரிடியம் செயற்கைக்கோள் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். கடலில் சோதனைக்கு வரும் படகிடம் மாட்டினால் சிக்கல் இன்னும் பெரிது. வேண்டாம்.

எதை வாங்கினாலும் பதிவு செய்யாத கருவி பாதிக் கருவிதான். ஒவ்வொரு 406 கருவிக்கும் 15 எழுத்தெண் கொண்ட அடையாளம் உண்டு, அதற்குள் நாட்டுக் குறியீடும் இருக்கிறது. இந்தியாவுக்கு 419. துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கியது வேறு நாட்டுக் குறியீட்டோடு வரும். அப்படி வந்தால் உங்கள் படகின் விவரத்தைத் தேடி மையம் அந்த நாட்டைக் கேட்க வேண்டியிருக்கும். அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் இந்தியக் குறியீட்டுக்கு மாற்றி, பெங்களூர் மையத்தில் பதிவு செய்த பிறகே கூட்டில் வையுங்கள்.

பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண்களை யோசித்துக் கொடுங்கள். சைகை வந்ததும் மையம் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று அந்த எண்ணை அழைப்பது. நள்ளிரவு இரண்டு மணிக்கு போனை எடுக்கக்கூடிய, படகு இப்போது எந்தப் பக்கம் தொழிலில் இருக்கிறது, எத்தனை பேர் என்று சொல்லத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். கடலில் உங்களோடு இருக்கும் ஆளின் எண்ணைக் கொடுப்பதால் பயனில்லை. படகை விற்றால் அன்றே பதிவை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பு பழைய உரிமையாளருக்குப் போகும், அவர் "படகு என்னிடம் இல்லையே" என்பார், அந்த விசாரிப்பிலேயே நேரம் போய்விடும்.

அந்த இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு தங்கலுக்கு முன்பும் ஒரு தாள் இருக்கட்டும்: பதிவெண், படகின் நீளமும் நிறமும், வீல்ஹவுஸ் நிறம் தனியாக, ஆட்களின் பெயரும் வயதும், எத்தனை ஜாக்கெட், ராஃப்ட் உண்டா, போகும் பகுதி, திரும்பும் நாள், கூட்டாக ஓடும் படகுகளின் பெயர். தேடுபவர் கண்டுபிடிப்பு அகலத்தைத் தேர்வு செய்வதே இந்தத் தாளை வைத்துத்தான். ஜாக்கெட் உண்டா இல்லையா என்ற ஒரு வரி, மேலே பார்த்தபடி, கோட்டு இடைவெளியை நாலு மடங்கு மாற்றுகிறது. படகு வரவில்லை என்று தெரிந்ததும் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. நாளைக்கு வந்துவிடும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தச் சதுரத்தை விரிக்கிறது.

பொய்ச் சைகை பற்றியும் சொல்லியாக வேண்டும். இபிர்ப் கூட்டுக்குள் இருக்கும்வரை அங்குள்ள காந்தம் தண்ணீர்ச் சுவிட்சை அணைத்து வைத்திருக்கும். கூட்டிலிருந்து எடுத்து டெக்கில் வைத்துவிட்டு ஹோஸ் போட்டுக் கழுவினால், அது கடலில் விழுந்ததாக நினைத்து இயங்கிவிடும். தடைக்காலத்தில் துறைமுகத்திலிருந்து வரும் சைகைகளுக்கு இது ஒரு வழக்கமான காரணம். அப்படி நேர்ந்தால் அணைத்துவிட்டு, பயந்து மறைக்காமல் உடனே 1554-க்கு அழைத்துக் கருவியின் எண்ணைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதவரை அவர்களுக்கு அது உண்மையான ஆபத்துதான், உங்களுக்காகக் கிளம்பும் விமானம் அந்த நேரத்தில் இன்னொருவருக்குத் தேவைப்படலாம்.

சோதிக்கச் சோதனைப் பொத்தான் இருக்கிறது, மாதம் ஒரு தடவை போதும். அது அனுப்பும் சோதனைச் செய்தியைச் செயற்கைக்கோள் அமைப்பு ஆபத்தாக எடுத்துக்கொள்ளாது. ஜிபிஎஸ் சோதனையை மட்டும் கையேட்டில் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் செய்யாதீர்கள், அது பேட்டரியைத் தின்னும். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை தடைக்காலத்தில் படகு கரையேறியதும் எச்ஆர்யூ மாதம், பேட்டரி ஆண்டு, பதிவு விவரம் மூன்றையும் பார்த்துவிடலாம். பேட்டரி காலாவதியான கருவியை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அங்கே மழையில் நனைந்து அது தேங்காய்ப்பட்டணத்துக்கும் கொச்சிக்கும் நடுவில் ஒரு குடோனிலிருந்து உங்கள் படகின் பெயரில் சைகை அனுப்பிக்கொண்டிருக்கும். முகவரிடம் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றி, பதிவையும் நீக்கச் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.